விற்பனை ஒப்பனையும் படப் புனைவும்: ‘ஹோம் ஸ்டேஜிங்’ – சொல் விளக்கம்

கோயம்புத்தூரின் சரவணம்பட்டி, வடவள்ளி, காளப்பட்டி போன்ற பகுதிகளில் தனி வீடோ அடுக்ககமோ விற்க முனைபவர் இப்போது புதிதாகக் கேட்கும் சொற்களில் ஒன்று ‘ஸ்டேஜிங்’. “சும்மா படம் எடுத்துப் போட்டா ஆள் வராதுங்க, ஸ்டேஜிங் பண்ணிப் போட்டுறலாங்க” என்று தரகர் சொல்லும்போது, சோபாவும் கட்டிலும் கொண்டுவந்து போடச் சொல்கிறாரா, கணினியில் படத்தைத் திருத்தச் சொல்கிறாரா என்பது அந்தச் சொல்லிலிருந்து விளங்குவதில்லை. ஆங்கிலத்தார் முன்னால் ஓர் அடைமொழி சேர்த்து முதலாவதைப் ‘பிசிகல் ஸ்டேஜிங்’ என்றும் இரண்டாவதை ‘விர்ச்சுவல் ஸ்டேஜிங்’ என்றும் பிரிக்கிறார்கள். தமிழில் அப்படி அடைமொழியோடு நிறுத்திக்கொள்வது போதாது, இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் பொருள். விற்பனைக்கு வந்த வீட்டை, பார்க்க வருபவர் தாம் அங்கே குடியிருப்பதாக எண்ணிப் பார்க்கும்படி தற்காலிகமாக அமைத்துக் காட்டுவதே ஹோம் ஸ்டேஜிங். குடியிருப்பவரின் விருப்பத்துக்கும் வசதிக்கும் ஏற்பச் செய்யப்படும் உள் அலங்காரம் இதுவன்று. உள் அலங்காரம் நிலைத்து நிற்கும். இது வீடு கிரயமானதும் கலைக்கப்படும். கட்டுமான நிறுவனங்கள் அடுக்ககத்தின் ஒரு தளத்தில் வைத்துக் காட்டும் ‘மாதிரி வீடு’ இதற்கு நெருங்கிய உறவு; ஆனால் அதில் காட்டப்படுவது ஒரு வீடு, விற்கப்படுவது வேறொரு வீடு.

‘ஸ்டேஜ்’ என்ற சொல்லின் வரலாறு சுவையானது. ‘நிற்றல்’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து கிளைத்து, பழைய பிரெஞ்சில் கட்டடத்தையும் உறைவிடத்தையும் குறித்து, அங்கிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அது கட்டடத்தின் மாடியையும் உயர்த்திய தளத்தையும் சுட்டியது. நாடக மேடை என்ற பொருள் அதன்பின் வலுப்பெற்றது. ஆகவே, வீட்டிலிருந்து மேடைக்குப் போன சொல் சில நூற்றாண்டுகள் கழித்து மீண்டும் வீட்டுக்கே திரும்பியிருக்கிறது. அந்தத் திரும்புதல் அமெரிக்காவில் நடந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் வீட்டு விற்பனைத் தொழிலில் இருந்த பார்ப் ஷ்வார்ஸ் என்பவர் 1972இல் இந்த முறையைத் தொடங்கியவராகப் பரவலாகக் கருதப்படுகிறார். காட்சிக்கு ஏற்ப மேடையை அமைப்பதைப் போல, பார்வையாளருக்கு ஏற்ப வீட்டை அமைக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணத்தின் சாரம்.

பெயர் புதிதானாலும் செயல் நமக்குப் புதிதன்று. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் காங்கேயம் காளையை ஓட்டிச் செல்பவர் அதை அழுக்கோடு ஓட்டிச் செல்வதில்லை. குளிப்பாட்டி, கொம்பு சீவி, புதுக் கயிறு மாற்றித்தான் கொண்டுபோய் நிறுத்துவார். வாங்குபவரும் அந்த மினுக்கில் மயங்கிவிடாமல் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். பொருளை நேரில் வைத்துச் செய்யும் ஸ்டேஜிங்கும் இவ்வகையைச் சேர்ந்ததுதான். நோம்பிக்கு வெள்ளையடிப்பதைப் போலச் சுவருக்கு ஒரு பூச்சு, அட்டாலியில் அடைந்து கிடக்கும் பழைய சாமான்களை அப்புறப்படுத்துதல், எரியாத விளக்குகளை மாற்றுதல், கூடத்துக்கும் படுக்கையறைக்கும் அளவான அறைகலன்களை வாடகைக்கு எடுத்துப் போடுதல் ஆகியவை இதில் அடங்கும். ஆள்புழக்கம் நின்று பூட்டிக் கிடக்கும் வீட்டில் அறைகள் உள்ளதைவிடச் சிறியனவாகத் தோன்றுவது உண்டு. கண்ணுக்கு அளவு காட்ட ஒரு கட்டிலோ நாற்காலியோ இல்லாததே காரணம். செலவு என்று பார்த்தால், அறைகலன்களின் வாடகையும் ஏற்றியிறக்கும் கூலியும் வீடு விற்கும்வரை மாதந்தோறும் ஏறிக்கொண்டே போகும்.

மேல்நாட்டார் இதற்கு வகுத்த விதிகளில் ஒன்றை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது. குடும்பத்தின் அடையாளம் எதுவும் தெரியாதபடி படங்களையெல்லாம் கழற்றிவிட வேண்டும் என்பது அவ்விதி. கொங்கு நாட்டில் வீடு பார்க்க வருபவர் சுவரின் நிறத்தைக் கேட்பதற்கு முன்பே, “யாரு வீடுங்க, எந்த ஊர்க்காரங்க, எதுக்குங்க குடுக்கறாங்க?” என்று கேட்டுவிடுவார். மாலையிட்ட முன்னோர் படமும் சாமி அறை விளக்கும் அறவே நீக்கப்பட்ட வீடு அவருக்குத் துப்புரவாகத் தோன்றுவதைவிட, ஏதோ ஒன்றை மறைப்பதாகத் தோன்றவே வாய்ப்பு மிகுதி. வாசல் எந்தத் திசை, மனையடி கணக்கு பொருந்துகிறதா, சிறுவாணித் தண்ணீர் வருகிறதா, ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பா என்ற கேள்விகளுக்கு எந்த சோபாவும் விடை சொல்லாது. குழாயின் வாயில் படிந்திருக்கும் வெள்ளைக் கறையே பாதி விடையைச் சொல்லிவிடும்.

‘விர்ச்சுவல்’ வகையில் வீட்டில் எதுவும் அசைவதில்லை. வெற்று அறையைப் படமெடுத்து, அந்தப் படத்தில் கணினி வழியாகக் கட்டில், திரைச்சீலை, விரிப்பு, பூச்சாடி எல்லாம் சேர்க்கிறார்கள். கூலி படக்கணக்கில், செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்தபின் சில நிமிடங்களிலேயே வேலை முடிகிறது. துபாயிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு ஊரில் வீடு தேடுபவருக்கு, காலி அறையை எப்படிப் பயன்படுத்தலாம் என்று காட்டுவதற்கு இது உதவும் என்பதை மறுக்க முடியாது. சிக்கல் அளவில் இருக்கிறது. பத்துக்குப் பத்து அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐந்தடி அகலமும் ஆறரை அடி நீளமும் உள்ள கட்டிலைத் தலைமாடு சுவரை ஒட்டி நடுவில் போட்டால், இரு பக்கமும் இரண்டரை அடியும் கால்மாட்டில் மூன்றரை அடியும் மிஞ்சும். அங்கே ஒன்றரை அடிக்கு மேல் ஆழமுள்ள இரும்பு பீரோவை நிறுத்தினால், அதன் கதவைத் திறந்துகொண்டு நிற்பதற்குக்கூட நெருக்கடிதான். நேரில் அறைகலன் போடுபவரால் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. படத்தில் வேலை செய்பவரோ கட்டிலைச் சற்றே சுருக்கி, பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலியையும் போட்டுவிடலாம். அகலக் கோண வில்லையில் எடுத்த படமானால் அந்தச் சுருக்கம் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது.

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘விர்ச்சுவல்’ என்பது ஆற்றலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது; பொருளளவில் இல்லாமல் பலனளவில் மட்டும் இருப்பது என்ற கருத்து அதற்கு ஏற்பட்டு, பின்னர் கணினித் துறை அதனைத் தனதாக்கிக்கொண்டது. தமிழில் இதற்கு ஒரே நிகரன் நிலைபெறவில்லை. 2001இல் தொடங்கப்பட்ட விர்ச்சுவல் பல்கலைக்கழகத்துக்குத் ‘தமிழ் இணையப் பல்கலைக்கழகம்’ என்றே பெயரிட்டார்கள். இன்று நாளிதழ்களில் வழங்குவது ‘மெய்நிகர்’. மெய்நிகர் வகுப்பு என்றால் பொருத்தம். ஆசிரியர் உண்மையிலேயே பாடம் நடத்துகிறார், பலன் மெய்க்கு நிகர். இல்லாத கட்டிலை இருப்பதாகக் காட்டும் படத்தை ‘மெய்நிகர்’ என்று சொன்னால், அது மெய்க்கு நிகரானது என்று நாமே சான்று கொடுத்ததாகிவிடும். விளம்பரத்துக்கு இதைவிட வசதியான சொல் கிடைக்காது. வாங்குபவருக்கு இதைவிட வம்பான சொல்லும் கிடைக்காது.

‘ஸ்டேஜிங்’ என்பதை ‘மேடையேற்றுதல்’ என்றோ ‘வீட்டு அரங்கேற்றம்’ என்றோ நேராகப் பெயர்ப்பது பொருந்தாது. அரங்கேற்றம் என்றதும் நமக்குச் சலங்கைதான் நினைவுக்கு வரும். ‘மனை ஒப்பனை’ என்று வைக்கலாமே என்றால், இன்றைய பேச்சில் மனை என்பது கட்டடம் இல்லாத காலியிடம். நம்மூரில் அதையும் ‘சைட்டு’ என்றுதான் சொல்கிறார்கள். ‘விற்பனை ஒப்பனை’ என்பது பொருத்தமாக அமைகிறது. ஒப்பனை என்பதில் நாடக மேடையின் சாயலும் உண்டு. உள்ள முகத்தைத்தான் ஒப்பனை செய்ய முடியும் என்ற வரம்பும் உண்டு. இரண்டாவதற்குப் ‘படப் புனைவு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். புனைதல் என்ற வினைக்கு அழகுபடுத்துதல், தீட்டுதல் என்ற பொருள்களும், இல்லாததைக் கற்பித்துச் சொல்லுதல் என்ற பொருளும் உள்ளன. நெடுநல்வாடையில் அணிகள் இன்றி இருக்கும் அரசியைப் ‘புனையா ஓவியம்’ என்கிறார் நக்கீரர். அது வண்ணம் தீட்டப்படாத வெறுங்கோட்டு ஓவியம். படத்தை அழகுபடுத்துவதும் அதில் இல்லாததைச் சேர்ப்பதும் ஒரே செயலாக நிகழும் இடத்துக்கு இந்த வினையைவிடப் பொருத்தமானது தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த வேறுபாடு சட்டத்துக்கும் தேவைப்படுகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை ஏதும் விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை அவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஓதம் ஏறிய சுவரைப் பூச்சால் மூடுவது ஒப்பனை ஆகாது. ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டு வீட்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ கண்ட பொய்யான விவரத்தை நம்பிப் பணம் கட்டி இழப்படைந்தவருக்குக் கட்டுமான நிறுவனம் ஈடு தர வேண்டும். ஆயினும் இப்பிரிவு தம் சொந்த வீட்டை மறுவிற்பனை செய்யும் தனிநபரைப் பற்றிப் பேசவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2026 ஜனவரி 1 முதல், கணினியில் மாற்றிய வீட்டுப் படங்களை விளம்பரத்தில் பயன்படுத்தினால் அதைக் குறிப்பிட்டு, மாற்றாத மூலப் படத்தையும் பார்க்க வழிசெய்ய வேண்டும் என்று விதித்திருக்கிறது.

இச்சொற்களை விளம்பரத்தில் இப்படி வழங்கலாம். வாடகை அறைகலன்களோடு காட்டப்படும் வீட்டுக்கு: ‘விற்பனை ஒப்பனை செய்யப்பட்டது, அறைகலன்கள் விலையில் சேரா.’ கணினியில் திருத்திய படத்துக்கு: ‘படப் புனைவு, அறை இப்போது காலியாக உள்ளது, மூலப் படம் அடுத்து.’ சுவர் விரிசலையோ வாசலுக்கு எதிரே நிற்கும் மின்கம்பத்தையோ நீக்கிய படத்துக்கு இவ்விரு சொற்களில் எதையும் பயன்படுத்தக் கூடாது. அதற்கு ‘மோசடி’ என்ற சொல் முன்பே வழக்கில் இருக்கிறது.