ஒரு விரல் நகர்ந்தால் உளவாளி வருகிறார்

குடியாத்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளை கார் மண்டப வாசலில் வந்து நின்றதும் பேண்டு செட்டில் யூஃபோனியம்காரர் நாலு சுரத்தைத் திருப்பித் திருப்பி ஊத ஆரம்பித்தார். டிரம்பெட் இன்னும் வாயருகேகூடப் போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி அதற்குள் கேட்டுவிட்டார்: "யாருப்பா அது, சிஐடி பாட்டு ஊதறது?"

அது பிரிட்டிஷ் உளவாளி ஜேம்ஸ் பாண்ட் படங்களின் அடையாள இசை. பாட்டி அந்தப் படம் எதையும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்' என்று பெயரெடுத்த ஜெய்சங்கரின் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. ஆனாலும் நாலே சுரத்தில் ஆளை அடையாளம் கண்டுவிட்டார். அந்த நாலு சுரத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு ஆர்மோனியம் போதும்.

ஒன்றாம் கட்டையில் (மேற்கத்தியர் 'சி' என்பது) சட்ஜம், அதாவது ச, வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு, வெள்ளை எல்லாக் கட்டையையும் எண்ணினால் அதற்கு மேல் மூன்றாவது சாதாரண காந்தாரம் (க), ஏழாவது பஞ்சமம் (ப). ச, சாதாரண காந்தாரம், ப மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மைனர் கார்டு என்ற சுரக்கூட்டு கிடைக்கும். இப்போது ச, க இரண்டையும் பிடித்தபடியே பஞ்சமத்தில் இருக்கும் விரலை மட்டும் ஒவ்வொரு கட்டையாக நகர்த்துங்கள். பஞ்சமம், அடுத்த கட்டையான சுத்த தைவதம், அதற்கடுத்த சதுசுருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம். பாண்ட் வந்துவிட்டார்.

நகர்ந்தது ஒரே ஒரு விரல்தான். ஆனால் ஒவ்வொரு நகர்வுக்கும் வீட்டின் உரிமையாளர் மாறிவிடுகிறார். பஞ்சமத்தில் இருக்கும்போது கேட்பவருக்குச் சட்ஜம்தான் ஆதாரம், மற்ற சுரங்கள் நிற்கும் அடித்தளம். சுத்த தைவதத்துக்குப் போனதும் மூன்று அதிர்வெண்களும் ஏறத்தாழ 5:6:8 என்ற விகிதத்துக்கு வந்துவிடுகின்றன. இது ஒரு மேஜர் கார்டு. தைவதத்தையே ஆதாரமாகக் கொண்டு அதன் மேல் எழும்பிய சுரங்கள் போல மூளை இவற்றை எடுத்துக்கொள்கிறது. இன்னும் ஒரு கட்டை ஏறிச் சதுசுருதி தைவதம் தொட்டால், அந்தத் தைவதத்திலிருந்து சட்ஜம் மூன்று கட்டை தள்ளி, சட்ஜத்திலிருந்து காந்தாரமும் மூன்று கட்டை தள்ளி. எல்லாம் சம இடைவெளி என்பதால் ஆதாரம் எது என்று காதுக்குப் பிடிபடாது. சட்ஜம் அசையாமல் நிற்கும்போதே காலடியில் தரை நகர்வதுபோல் இருப்பது இதனால்தான்.

கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு இதை இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம். 21ஆவது மேளகர்த்தா (தாய் ராகம்) கீரவாணி, 23ஆவது கௌரிமனோகரி. இரண்டுக்கும் தைவதம் ஒன்றுதான் வித்தியாசம். பாண்ட் இசையின் அந்த நாலு சுரம் கீரவாணி வாசலுக்கும் கௌரிமனோகரி வாசலுக்கும் நடுவில் உலாத்துகிறது, எந்த வீட்டுக்குள்ளும் நுழையாமல். ஒளிந்து நடமாடும் ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான நடை எனக்குத் தோன்றவில்லை.

இந்த இசை பிறந்த கதையில் நம் பக்கத்துச் சாயலும் உண்டு. 1962இல் வந்த முதல் பாண்ட் படத்துக்கு இசையமைத்தவர் மான்டி நார்மன். டிரினிடாடில் குடியேறிய இந்தியர்களைப் பற்றி வி.எஸ். நைபால் எழுதிய நாவலை மேடை இசை நாடகமாக்கும் முயற்சிக்காக அவர் முன்பே ஒரு பாட்டுப் போட்டு வைத்திருந்தார். அபசகுனத் தும்மலோடு பிறந்த ஒருவன் பாடும் பாட்டு அது. சித்தார் சாயலில் இருந்த அந்த மெட்டைத்தான் எடுத்துப் பாண்டுக்குக் கொடுத்தார். அதற்கு ஜான் பேரி வாத்தியக் கோர்வை செய்ய, விக் ஃபிளிக் கிதாரில் மீட்டினார். தும்மல் சகுனம் பார்க்கும் பாட்டிதான் அந்த மெட்டை மண்டப வாசலில் அடையாளம் கண்டார் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

சரி, அந்தக் கிதார் இசை முடியும் இடத்துக்கு வருவோம். கடைசியில் தொங்கலாக ஒரு கார்டு ஒலிக்கும். ஆர்மோனியத்தில் ச, க, ப பிடித்து, மேலே காகலி நிஷாதமும் (மேல் சட்ஜத்துக்கு முந்தைய கட்டை) அதற்கும் மேலே சதுசுருதி ரிஷபமும் (மேல் சட்ஜத்திலிருந்து இரண்டாவது கட்டை) சேர்த்துப் பாருங்கள். இனிமையாகவும் இருக்கும், உறுத்தவும் செய்யும்.

உறுத்தலுக்குக் காரணம் விம்மல். எங்கள் ஊரில் தறி ஓடும் தெருவில் நடந்தவர்களுக்கு இது தெரியும். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இரண்டு தறிகள் கொஞ்சம் வேறு வேறு வேகத்தில் ஓடினால் சத்தம் ஒரு சமயம் ஒன்றாகச் சேர்ந்து ஓங்கும், ஒரு சமயம் விலகிப்போகும். இரண்டு சுரங்களுக்கும் அப்படியே. ஒன்றாம் கட்டைச் சட்ஜம் ஏறத்தாழ 262 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 262 அதிர்வு. ஆர்மோனிய நாக்கு அந்த ஒரு அதிர்வை மட்டும் எழுப்புவதில்லை, அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகளும் கூடவே வரும். இரண்டு மடங்கு 523. காகலி நிஷாதம் 494. வித்தியாசம் 29. அதாவது நொடிக்கு 29 விம்மல்கள். நொடிக்கு ஒன்றிரண்டு என்றால் அலையலையாகக் கேட்டு ரசிக்கலாம். 29ஐ எண்ண முடியாது, சொரசொரப்பாகத்தான் உணர முடியும். உள்காதின் நத்தை எலும்புக்குள், சுமார் 35 மில்லிமீட்டர் நீளச் சவ்வில், ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஓரிடம் உண்டு. 494க்கும் 523க்கும் உரிய இடங்கள் ஒட்டியே இருப்பதால் ஒன்றின் ஆட்டத்தில் மற்றது மாட்டிக்கொள்கிறது.

பஞ்சமத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. சட்ஜத்தின் மூன்று மடங்கும் பஞ்சமத்தின் இரண்டு மடங்கும் 785, 784 என்று ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுகின்றன. ஆக, அந்தக் கார்டின் அடியில் ச-ப என்ற பாறை, மேலே நிஷாதம் என்ற முள். காகலி நிஷாதம் அடுத்த கட்டையிலேயே இருக்கும் மேல் சட்ஜத்துக்குப் போகத் துடிக்கும் சுரம். நம் காது அதை எதிர்பார்த்துக்கொண்டே இருக்க, பாட்டு அங்கேயே நிறுத்திவிடுகிறது.

இதை வைத்துக்கொண்டு பாட்டுகளை ஒப்பிட்டால் உறவுமுறை தெளிவாகிறது. 1964இல் ஷெர்லி பாஸி பாடிய 'கோல்ட்ஃபிங்கர்' மேஜர் கார்டில் தொடங்குகிறது. அடுத்த கார்டில் சட்ஜம் அப்படியே நிற்க, காந்தாரம் ஒரு கட்டை இறங்குகிறது, பஞ்சமம் ஒரு கட்டை ஏறிச் சுத்த தைவதமாகிறது. அதே தைவதம்! பித்தளை வாத்தியங்கள் அதை முழு மூச்சில் ஊதுகின்றன. டிரம்பெட்டை ஓங்கி ஊதும்போது ஒலி பெரிதாவது மட்டுமில்லை, மேல் மடங்கு அதிர்வுகள் அளவுக்கு மீறி வலுக்கின்றன. அதனால்தான் அந்தப் பளபளப்பு.

2012இல் அடெல் பாடிய 'ஸ்கைஃபால்' இன்னும் நெருங்கிய சொந்தம். அதுவும் ஒன்றாம் கட்டை மைனர். பாட்டின் முதல் நாலு கார்டுகளுக்குள் பஞ்சமம், சுத்த தைவதம், சதுசுருதி தைவதம், சுத்த தைவதம் என்று அந்த நாலு சுரமும் வரிசை மாறாமல் இருக்கின்றன. மூன்றாவது கார்டில் காந்தாரம் மத்திமத்துக்கு நகர்வதால் மேலோட்டமாகக் கேட்டால் தெரியாது. பாண்ட் பாட்டுகளில் முதன்முதலாக ஆஸ்கர் வாங்கியது இதுதான். என் கணக்கில் வரிசையிலேயே சிறந்ததும் இதுதான். பில்லி ஐலிஷ் பாடிய 'நோ டைம் டு டை' மெதுவாகப் போய் அந்த முள் கார்டிலேயே கிதாரில் முடிகிறது. 1977இல் கார்லி சைமன் பாடியது அருமையான காதல் பாட்டு, ஆனால் அதில் இந்த நடை கேட்பதில்லை. படத்தின் பெயரை மறைத்துவிட்டால் பாண்ட் பாட்டென்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் உளவாளி என்ற அர்த்தத்தைச் சுரமே தருவதில்லை. அதைத் தந்தது அறுபது வருடப் பழக்கம். 1983இல் வந்த 'ஆக்டோபுஸி'யில் சென்னையின் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் உதய்பூரில் பாம்பாட்டியாக உட்கார்ந்து மகுடியில் பாண்ட் மெட்டை ஊதுவார். அங்கே கார்டும் இல்லை, பித்தளையும் இல்லை. பாண்ட் திரும்பிப் பார்க்கிறார், தியேட்டரும் புரிந்துகொள்கிறது.

வரவேற்பு முடிந்து பேண்டு செட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது மாஸ்டரிடம் ஒரு உதவி கேட்டேன். மூன்று பேருக்கு ச, க, ப பிரித்துக் கொடுத்தார். "நீங்க மேல காகலி நிஷாதம் மட்டும் பிடிங்க மாஸ்டர்" என்றேன். ஊதினார்கள். சில நொடியிலேயே டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னா தம்பி, ஏதோ தொண்டையில நிக்கிற மாதிரி இருக்கு. மேல் ச-வுக்கு ஏத்திடட்டா?" என்றார். வேண்டாம், அங்கேயே நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். மறுபடி ஊதினார்கள். மற்ற மூவரும் மூச்சு தீர்ந்து நிறுத்திய பிறகும் மாஸ்டர் நிஷாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம், யாரும் சொல்லாமலே, சட்ஜத்துக்கு ஏறி முடித்தார்.