"ஃபைலை அழித்துவிட்டேன்" என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

போன வாரம் காலை எட்டு மணிக்கு ஒரு போன். சின்ன நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும், எனக்குத் தெரிந்த தம்பி. குரல் நடுங்கியது. "அண்ணா, கிளவுட் கீ ரெப்போவில் போயிடுச்சு. உடனே ஃபைலை டெலீட் பண்ணி இன்னொரு கமிட் போட்டுட்டேன். அப்புறமும் எப்படி எடுத்தாங்க?"

கிளவுட் கீ என்பது வாடகை சர்வர்களைத் திறக்கும் ரகசியச் சாவி. ரெப்போ என்பது, 'கிட்' என்ற கருவி நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிடங்கு. அதில் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். ராத்திரியோடு ராத்திரியாக அவர்களுடைய கிளவுட் கணக்கில், அவர்கள் தொட்டே பார்க்காத நாடுகளில் எல்லாம் பெரிய பெரிய சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வருஷம் என்னிடம் இப்படி வருவது இது நான்காவது. நான்கு பேரும் சொன்னது ஒன்றையேதான்: "அழிச்சுட்டேனே!"

அழியவில்லை. இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைப் பேரேட்டில் பத்தாம் தேதி ஒரு வரவு தப்பாக ஏறிவிட்டது. கணக்குப்பிள்ளை பதினோராம் தேதி அதைக் கழித்து எழுதுகிறார். இன்றைய இருப்பு சரியாகிவிடும். ஆனால் பத்தாம் தேதிப் பக்கத்தைப் புரட்டினால் அந்த வரவு அப்படியேதான் இருக்கும். கீ எழுதி வைத்த கோப்பை அழித்து, 'என்வ் ஃபைல் நீக்கப்பட்டது' என்று நீங்கள் போடும் கமிட், அந்தப் பதினோராம் தேதிக் குறிப்பு. அதுவும் போதாமல், எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்று திருடனுக்கு அதுவே வழி காட்டுகிறது.

தம்பி நம்பமாட்டேன் என்றான். திரையைப் பகிரச் சொல்லி, அந்தக் கோப்பின் பெயரோடு, கமிட் வரலாற்றைக் காட்டும் 'கிட் லாக்' கட்டளையை, மாற்றங்களையும் காட்டும் 'மைனஸ் பி' சேர்த்து ஓட்டச் சொன்னேன். சிவப்பு எழுத்தில், முன்னால் ஒரு கழித்தல் குறியோடு, கீ முழுசாக வந்து நின்றது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "இது என் மெஷின்ல மட்டும்தானே அண்ணா?" என்றான்.

இல்லை தம்பி. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கியது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்காக. உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஆட்கள், ஒரு மைய சர்வரை நம்பி இருக்காமல் வேலை செய்ய வேண்டும். அதனால் ரெப்போவைக் க்ளோன், அதாவது முழு நகல், எடுக்கும் ஒவ்வொருவர் கையிலும் முதல் கமிட்டிலிருந்து முழு வரலாறும் போய்ச் சேர்கிறது. சர்வர் எரிந்தே போனாலும், க்ளோன் வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். அதே குணம்தான் இங்கே நமக்கு எதிராகத் திரும்புகிறது. உங்கள் கீ உங்களோடு வேலை செய்பவர்களின் லேப்டாப்பில் இருக்கிறது, ஃபோர்க், அதாவது தன் கணக்கில் ஒரு பிரதி, எடுத்தவரிடம் இருக்கிறது, தானியங்கி பில்ட் ஓடும் மெஷினில் இருக்கிறது. பொது ரெப்போ என்றால், கீகளைத் தேடியே சுற்றும் தானியங்கி நிரல்களுக்கு (பாட்) சில நிமிடங்கள் போதும்.

"எங்களுடையது பிரைவேட் ரெப்போ" என்பவர்களுக்கு: 2016ல், ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தில், ஊபர் பொறியாளர்களின் பிரைவேட் ரெப்போவுக்குள் நுழைந்தவர்கள் அங்கே கிடந்த, அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் கீயை எடுத்துத்தான் 5.7 கோடிப் பேரின் தகவல்களை அள்ளினார்கள். டொயோட்டாவின் கதை வேறு மாதிரி. காரை இணையத்தோடு இணைக்கும் அவர்களுடைய டி-கனெக்ட் சேவைத் தளத்தின் மூல நிரலில் ஒரு பகுதியை ஒப்பந்த நிறுவனம் ஒன்று 2017 டிசம்பரில் பொது ரெப்போவில் ஏற்றிவிட்டது. உள்ளே டேட்டா சர்வரின் கீ. 2022 செப்டம்பர் வரை அது அங்கேயே கிடந்தது. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கசிந்திருக்கலாம் என்று நிறுவனமே அறிவித்தது.

சரி, போய்விட்டது. என்ன செய்வது?

முதலில் கீயை ரத்து செய்யுங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அப்புறம். அந்தத் தம்பி முதல் இரண்டு மணி நேரத்தைக் கமிட்டை மறைப்பதில் செலவழித்திருக்கிறான். கீ அதுவரை உயிரோடு இருந்தது. ரத்து செய்து, புதுக் கீ வாங்கி, பழைய கீயால் யார் என்னென்ன செய்தார்கள் என்று கிளவுட் பதிவுகளைப் பாருங்கள். அதன் பிறகு 'கிட் ஃபில்ட்டர்-ரெப்போ' கொண்டு வரலாற்றை மாற்றி எழுதலாம். மாற்றினால் அதற்குப் பின்னால் வரும் கமிட்டுகளின் அடையாள எண்கள் எல்லாம் மாறிவிடும். எனவே குழுவில் எல்லாரும் பழைய க்ளோனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். லீவில் இருந்த ஒருவர் திரும்பி வந்து, பழைய க்ளோனில் புல் செய்து (சர்வரில் உள்ளதை இழுத்து), மெர்ஜ் ஆனதை (இரண்டும் கலந்ததை) அப்படியே புஷ் செய்தால் (சர்வரில் ஏற்றினால்) போதும், கீ திரும்ப ஏறிவிடும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கிட்ஹப்பில் ஃபோர்க்குகளிலும் பழைய புல் ரிக்வெஸ்ட்டுகளிலும் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைகள்) எஞ்சி நிற்பவை உங்கள் புஷ்ஷால் போகாது. புல் ரிக்வெஸ்ட்டுகளுக்கு ஆதரவுக் குழுவுக்கு எழுதித்தான் கேட்க வேண்டும், ஃபோர்க்குகளுக்கு அவற்றை வைத்திருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

வராமல் தடுக்க? எல்லாக் கோப்புகளையும் மொத்தமாக ஏற்றும் 'கிட் ஆட் டாட்' கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதை நிறுத்துங்கள். எத்தனை முறை சொல்வது! கோப்பின் பெயரைச் சொல்லி ஏற்றுங்கள், கமிட்டுக்கு முன்னால் ஏற்றியதை ஒருமுறை, மாற்றங்களைக் காட்டும் 'டிஃப்' போட்டுப் பாருங்கள். கிட் எந்தக் கோப்புகளை விட்டுவிட வேண்டும் என்று பட்டியலிடும் கிட்இக்னோரில் எழுதிவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே கமிட் ஆன கோப்பை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. கீகளைத் தேடிப் பிடிக்கும் கிட்லீக்ஸ் போன்ற ஒரு சோதனைக் கருவியை கமிட்டுக்கு முன்னால் ஓடும்படி வைத்துவிடுங்கள், அரை மணி நேர வேலை. பொது ரெப்போக்களில் தெரிந்த வடிவக் கீகளை கிட்ஹப்பே புஷ்ஷில் தடுக்கிறது. ஆனால் நீங்களாக வைத்த டேட்டாபேஸ் கடவுச்சொல்லை அது அடையாளம் காணும் என்று நம்பி இருக்க முடியாது.

குழுத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தத் தம்பிக்கு விஷயம் தெரிந்தது இரவு பதினொரு மணிக்கு. என்னிடம் சொன்னது காலை எட்டு மணிக்கு. ஒன்பது மணி நேரம், திட்டு விழுமே என்ற பயத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். தயவுசெய்து அந்தப் பயத்தை உங்கள் ஆட்களுக்குக் கொடுக்காதீர்கள். எங்கள் குழுவில் இப்போது யாராக இருந்தாலும் 'கீ போச்சு' என்று இரண்டே வார்த்தை போடுவார்கள். அந்த நேரத்தில் விழித்திருப்பவர் எதுவும் கேட்காமல் கீயை ரத்து செய்வார். யார், எப்படி என்பதை மறுநாள் பேசிக்கொள்வோம்.