சொல் விளக்கம்: பாட்

அரட்டைக் குழுவில் ஒருவர் '!ஜோக்' என்று தட்டுகிறார். அடுத்த நொடியே ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்து விழுகிறது. அனுப்பியது ஆள் இல்லை, பாட். பின்னால் நடப்பது எளிது. ஒரு சிறிய நிரல் அந்தக் கட்டளைக்காகக் காத்திருக்கிறது. கட்டளை வந்ததும் ஜோக் தரும் தளம் ஒன்றைக் கேட்டு, கிடைத்ததை அப்படியே குழுவில் போடுகிறது. ஐகேன்ஹேஸ்டேட்ஜோக் போன்ற தளங்கள் இதற்கென்றே ஏபிஐ, அதாவது வேறு நிரல்கள் நேரடியாகக் கேட்டுப் பதில் பெறும் வழி, வைத்திருக்கின்றன. 'வெறும் எழுத்தாகக் கொடு' என்ற குறிப்பைக் கோரிக்கையோடு சேர்த்தால் போதும், ஏதோ ஒரு ஜோக் வரும். பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதினால் சில வரிகளில் வேலை முடிந்துவிடும்.

சரி, இந்தப் 'பாட்' எங்கிருந்து வந்தது? ரோபோட் என்ற சொல்லின் வால்தான் அது. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தில் ரோபோட் பிறந்தது. சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப். செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால், குடியானவர் தன் நிலக்கிழாருக்குக் கூலியில்லாமல் செய்தே தீர வேண்டிய வேலை. ஆஸ்திரியப் பேரரசில் 1848இல்தான் அதை ஒழித்தார்கள். சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி'யும் இதே கூலியில்லாக் கட்டாய உழைப்புதான். பொருளில் இவ்வளவு நெருக்கமான சொல் நம்மிடம் இருந்தும் பயன்படுத்த முடியாது. இன்று வெட்டி என்றால் 'வீண்' என்றுதான் காதில் விழும்.

உரையாடும் நிரல் 'சாட்பாட்' என்ற பெயருக்கு முன்பே வந்துவிட்டது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலிசா என்ற நிரலைப் பற்றிய கட்டுரை 1966இல் வெளியானது. என்ன கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற விதிகளை அவர் தனியே எழுதிவைத்து, அதை ஸ்கிரிப்ட் என்றார். நடிகருக்குக் கொடுக்கும் வசனம் மாதிரி. இப்போது ஸ்கிரிப்ட் என்றால் பெரும்பாலும் சின்ன நிரல் என்று பொருள், அதனால் 'குறுநிரல்' பொருந்தும். 'சாட்டர்பாட்' என்ற சொல்லை 1994இல் மைக்கேல் மால்டின் உருவாக்கினார். அதுதான் சுருங்கி சாட்பாட் ஆனது.

தமிழில் என்ன சொல்லலாம்? தமிழ் விக்கிப்பீடியாவில் பாட் என்பதைத் 'தானியங்கி' என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் தானாக இயங்குவது என்றல்லவா அதற்குப் பொருள்? ஜோக் பாட் தானாக எதுவும் செய்வதில்லை. யாராவது கேட்கும்வரை சும்மா இருக்கிறது. 'உரையாடி' இன்னும் அழகு. உலாவி, செயலி என்று நமக்குப் பழகிய வரிசையில் இயல்பாக உட்காருகிறது. கேள்வியைப் புரிந்துகொண்டு பேச்சைத் தொடரும் பாட்களுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். சொன்னதை எடுத்துவந்து போடுவதோடு நின்றுவிடும் நிரலை உரையாடி என்பது எனக்கு ஒப்பவில்லை.

அதற்கு 'ஏவலி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஏவியதைச் செய்வது ஏவல், செய்பவர் ஏவலர். செய்யும் நிரல் ஏவலி. ஏவல் என்றதும் பில்லி சூனியம் நினைவுக்கு வருகிறதே என்று சிலர் தயங்கலாம். இலக்கணத்தில் வா, தா, சொல் என்பவையும் ஏவல்தான். அரட்டையில் அந்த நிரலுக்கு நாம் தட்டுவதும் அப்படி ஒரு சொல்தானே? ரொபோட்டாவில் இருந்த 'பிறர் சொல்படி செய்யும் வேலை' என்ற பொருளும் இதில் மிஞ்சுகிறது. இனி ஜோக் சொல்வதைச் சிரிப்பு ஏவலி என்றும், மழை வருமா என்று பார்த்துச் சொல்வதை வானிலை ஏவலி என்றும் எழுதிப் பார்க்கப் போகிறேன்.