காக்கர் ஸ்பேனியல் காதும் நம்ம ஊர் மழையும்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: மழை தொடங்கினாலே அவர் வீட்டு காக்கர் ஸ்பேனியல் ஓயாமல் தலையை உதறுகிறது, காதில் புளித்த வாடை வருகிறது. தேங்காய் எண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி ஊற்றச் சொல்கிறார்கள், ஊற்றலாமா?

வேண்டாம். காரணம் அந்தக் காதுக்குள்ளேயே இருக்கிறது.

புதரில் பதுங்கும் பறவைகளை வேட்டைக்காரருக்குக் கிளப்பிவிட இங்கிலாந்தில் உருவான இனம் இது. எடை 12 முதல் 15 கிலோ. பட்டு மாதிரி முடி, ஆளை விட்டு அகலாத பாசம், தினமும் ஓடியே ஆக வேண்டிய உடம்பு. வளர்ப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியும். காதுக்கு வருவோம்.

நம் காதுக்குழாய் இரண்டரை சென்டிமீட்டர்தான், கிட்டத்தட்ட நேராக உள்ளே போகும். நாய்க்கு அது 'ட' எழுத்தின் வடிவம். முதலில் செங்குத்தாகக் கீழே இறங்கி, அப்புறம் செவிப்பறையை நோக்கித் திரும்பும். அப்படியானால் அடியில் சேரும் குறும்பியும் செத்த தோலும் மேலே ஏறி வெளியே வருவது எப்படி?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. காதுக்குள் தோலே நகர்கிறது! நம் உடம்பில் மற்ற இடங்களில் தோல் அடியிலிருந்து மேலே வளர்ந்து அங்கேயே உதிர்ந்துவிடும். செவிப்பறையில் பிறக்கும் தோல் செல்களோ, நகம் வளர்வது போல, பக்கவாட்டில் வெளிநோக்கி ஊர்கின்றன. நாயின் செவிப்பறை மேல் மைப்புள்ளி வைத்து அது நகர்வதை அளந்திருக்கிறார்கள்: அதன் இறுக்கமான பகுதியில் நாளொன்றுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர். அந்த மெதுவான நகர்வு குழாயின் சுவரில் தொடர்ந்து, வளைவைத் தாண்டி, செங்குத்தான பகுதியிலும் மேலேறுகிறது. மேலே ஒட்டிய குறும்பியும் கூடவே வெளியேறுகிறது. பட்ஸ் இல்லாமலே காது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வழி இதுதான்.

காக்கர் ஸ்பேனியலுக்குக் குழாய்க்குள் குறும்பிச் சுரப்பிகளும் முடியும் அதிகம். வாசலை மூடியபடி கனத்த காதுமடல் தொங்குகிறது. கன்னியாகுமரி மாவட்டத்திலோ ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. காற்று காய்ந்து கிடக்கும் மாதங்கள் குறைவு. ஈரத்தில் ஊறிய தோல் பலவீனமாகும். அதுவரை சாதுவாகக் குடியிருந்த மலாசீசியா என்ற ஈஸ்ட் பெருகும். புளித்த வாடையும் பழுப்பு அழுக்கும் பெரும்பாலும் அதன் வேலை. அழற்சியில் தோல் தடித்து வீங்கினால் அந்த நகர்வு தடைப்படும், அழுக்கு தேங்கும், தேங்கிய அழுக்கில் ஈஸ்ட் இன்னும் பெருகும்.

மலாசீசியா கொழுப்பைத் தின்று வாழ்வது. அதற்கு எண்ணெய் ஊற்றுவது விருந்து வைப்பதுதான். பட்ஸ் விட்டுக் குடைந்தால், மேலேறி வந்த அழுக்கு திரும்ப வளைவுக்குள் இறங்கிவிடும்.

கண்ணேறு என்று கறுப்புக் கயிறு கட்டிவிட்டுக் காத்திருப்பவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. காத்திருக்கும் காலத்தில் குழாய் தடித்து அடைபட்டு, கடைசியில் அறுவை செய்து குழாயையே அகற்றும் நிலை வந்துவிடும். வலியெல்லாம் நாய்க்குத்தான். இரண்டு மழை பெய்யும் இந்த மாவட்டத்தில் நாய்க்காதுகளை மாதாமாதம் பரிசோதித்து ஓர் ஆய்வு நடத்த வேண்டும் என்பது என் ஆசை. திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில்தான் இருக்கிறது. பெரிய கருவிகள் வேண்டாம், நுண்ணோக்கியும் கொஞ்சம் நிதியும் போதும்.

சரி, வீட்டில் செய்ய வேண்டியது. குளத்தில் குளிப்பாட்டினாலும் மழையில் நனைந்தாலும் காதை உடனே துடைத்து உலர்த்துங்கள். மடலின் உள்பக்கம், குழாய் வாசலைச் சுற்றியுள்ள முடியைக் குட்டையாக வெட்டுங்கள். காது உள்ளே விழாதபடி வாய் குறுகிய, ஆழமான கிண்ணத்தில் சோறு வையுங்கள். கழுவும் மருந்தை மருத்துவர் சொன்னால், குழாய் நிறைய விட்டு, காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து பிசைந்து, நாயை உதறவிட்டு, வெளியே வந்ததைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

வாடையும் வலியும் இருக்கும்போது நீங்களாக எந்தச் சொட்டும் விடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் உட்காதுக்குள் போய்க் கேட்கும் திறனையே கெடுத்துவிடும். கருவி வைத்து உள்ளே பார்த்த பிறகுதான் மருந்து. மழையில்லாத மாதங்களிலும் இரண்டு காதும் திரும்பத் திரும்பக் கெட்டால், ஒவ்வாமை இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உணவை மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கலாம்.