"தலை நுழையாதுண்ணே"

போன வாரம் என் தச்சுப் பட்டறைக்கு ஒரு தம்பி வந்தார். மனைவிக்கு ஏழாம் மாதம். காரைக்குடியில் வாங்கிய பழைய தேக்கு ஜன்னல்கள் இரண்டைப் பக்கச் சட்டமாக வைத்து, யூடியூப் பார்த்து, மொட்டைமாடியிலேயே குழந்தைக் கட்டில் செய்திருக்கிறார். பாலிஷ் மட்டும் நான் போட்டுத் தர வேண்டுமாம். குறை சொல்லக் கூடாது, என் பையன்களைவிட நன்றாகவே இழைத்திருந்தார். டேப்பை எடுத்து இரண்டு கம்பிகளுக்கு நடுவே வைத்தேன். 9 செ.மீ.

"தலை நுழையாதுண்ணே, பார்த்துட்டேன்."

இந்த வருடம் இதைச் சொன்ன நான்காவது ஆள் இவர்.

ஐயா, தலை நுழையாத சந்துதான் பொறியே! 'தலை போனால் உடம்பு போகும்' என்கிற கணக்கு பூனைக்குச் சரி. கைக்குழந்தைக்குத் தலைதான் பெரிசு, இடுப்பு சின்னது. தூக்கத்தில் உதைத்து உதைத்துக் கால் வெளியே போகும். பின்னாலேயே இடுப்பு, வயிறு, நெஞ்சு எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். தலை மட்டும் உள்ளே நின்றுவிடும். அப்போது மொத்த எடையும் தொங்குவது கழுத்தில். அழக்கூடச் சத்தம் வராது. அதனால் தலையை அளக்காதீர்கள், இடுப்பை நினைத்து அளங்கள். அமெரிக்காவில் 1970-களிலேயே இதற்கு விதி போட்டுவிட்டார்கள்: அதிகபட்சம் 2⅜ அங்குலம், அதாவது 6 செ.மீ. நான் ஐந்தரைக்கு மேல் விடுவதில்லை. சரியாகக் காயாத மரம் ஒரு கோடை போனால் சுருங்கும், கழுந்து (துளையில் செருகிய முனை) தளரும், கம்பி ஆடும். 6 செ.மீ. அகலத்தில் ஒரு கட்டை வெட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு சந்திலும் அழுத்திப் பாருங்கள். ஒன்றில் போனாலும் தப்பு.

"நடுவில ஒவ்வொரு கம்பி செருகிடலாமாண்ணே?" என்று கேட்டார். செருகலாம், அரைநாள் வேலை. அப்புறம்தான் பூவேலைப்பாட்டின் இடுக்கில் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். மேலே இருந்ததையெல்லாம் மாடியில் வைத்துச் சுரண்டினாராம். இவர் மாஸ்க் போட்டிருந்தார். பக்கத்துக் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த மனைவி போடவில்லை.

அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதியே 2016-ல்தான் வந்தது. அந்தத் தூசி வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் ஆகாது. பல் முளைக்கும்போது குழந்தை முதலில் கடிப்பதும் மேல்சட்டத்தைத்தான். தயவுசெய்து பழைய பெயின்ட் மரத்தைக் குழந்தைச் சாமானுக்குத் தொடாதீர்கள். ஏற்கெனவே சுரண்டிவிட்டீர்களா, டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. மூலைக் கால்களில் குமிழ் வைக்காதீர்கள், சட்டையோ கழுத்துக் கறுப்புக் கயிறோ மாட்டும். (கட்டிலுக்குள் விடும்போது கழுத்தில் கயிறே வேண்டாம் என்பேன். பாட்டிமார் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.) ஒரு பக்கம் இறங்குகிற மாதிரிக் கட்டில் கேட்டு வராதீர்கள், அமெரிக்காவில் 2011-லேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டார்கள். ஆணியும் பசையும் போதாது, போல்ட் போடுங்கள், மாதம் ஒருமுறை முறுக்குங்கள். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் போனால் மெத்தை சின்னது. இலவம்பஞ்சுத் தலையணையைச் சுற்றி அடுக்கி அந்த இடைவெளியை மறைக்கிறவர்களும் உண்டு. அது மூச்சை அடைக்கும்.

தம்பிக்கு முகம் வாடிவிட்டது. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்று, காய்ந்த ரப்பர் மரச் சட்டம் கொஞ்சம் எடுத்துக் கட்டிக் கொடுத்தேன். கூடவே அந்த 6 செ.மீ. கட்டையையும்.