பயிலுநர்: ‘இன்டர்ன்’ என்ற சொல்லுக்கு நம்மிடம் உள்ள தமிழ்

கொழும்பு வெள்ளவத்தையில் நான் தொண்டாற்றும் சமூக அமைப்பு ஒன்றுக்குப் பல்கலைக்கழக மாணவி ஒருவர் எழுதிய கடிதத்தில், “தங்கள் அமைப்பில் மூன்று மாத காலம் பயிற்சியாளராக இணைந்துகொள்ள விரும்புகிறேன்” என்று இருந்தது. கடிதத்தைப் பிரித்த மூத்த உறுப்பினர், மாலை வகுப்புகளில் கற்பிக்க முன்வந்திருக்கும் ஒருவர் என்று எண்ணி, அதை வளவாளர்களின் விண்ணப்பங்கள் இருந்த கோப்பில் வைத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து மாணவி தொலைபேசியில் விசாரித்தபோதுதான், அவர் வர விரும்பியது கற்பிக்க அல்ல, கற்க என்பது தெரிந்தது. எழுதியவர் மீதும் குறையில்லை, வாசித்தவர் மீதும் குறையில்லை. ‘இன்டர்ன்’ என்று நாள்தோறும் பேசிவிட்டு, எழுதும்போது கைக்கு வந்த சொல்லைப் போட்டுவிடும் நம் எல்லோருடைய பழக்கத்தின் விளைவு அது.

‘இன்டர்ன்’ என்பதன் மூலம் இலத்தீனில் உள்ள ‘இன்டெர்னுஸ்’ என்ற சொல். உள்ளே இருப்பது, அகத்தது என்பது அதன் பொருள். அது பிரெஞ்சு மொழியில் ‘அன்டேர்ன்’ ஆகி, விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவரையும், மருத்துவமனைக்குள்ளேயே தங்கிப் பணிபுரியும் இளம் மருத்துவரையும் குறித்தது. பாரிஸ் மருத்துவமனைகளில் இந்த ஏற்பாடு 1802இல் முறைப்படுத்தப்பட்டது. அமெரிக்க ஆங்கிலம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சொல்லை மருத்துவமனைகளுக்காகவே கடன்வாங்கியது. அலுவலகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் அது பரவியது பின்னர்தான். பிரெஞ்சுக்காரர் இன்று ஒரு நிறுவனத்தில் பயில வரும் மாணவரை அச்சொல்லால் அழைப்பதில்லை, ‘ஸ்டாஜியேர்’ என்பார்கள். போர்க்காலத்தில் ஆட்களை ஓரிடத்தில் அடைத்து வைப்பதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். ஆக, மூலச்சொல் சொல்வது ‘உள்ளே இருப்பவர்’ என்பதை மட்டுமே. உள்ளே இருந்து அவர் என்ன செய்கிறார் என்பதை அது சொல்வதில்லை.

இலங்கைத் தமிழுக்கும் இச்சொல் வைத்தியசாலை வழியாகவே வந்து சேர்ந்தது. மருத்துவப் பட்டப்படிப்பை முடித்தவர், முழுப் பதிவு பெறுவதற்கு முன்னர் ஓராண்டு வைத்தியசாலையில் பணியாற்றும் காலத்தை ‘உள்ளகப் பயிற்சி’ என்கிறோம். சொல்லின் வேர்ப்பொருளை அப்படியே கொண்டுவந்த பெயர்ப்பு இது. மருத்துவத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. இடர்ப்பாடு என்னவென்றால், ‘உள்ளக’ என்ற அடை நம்மிடம் ஏற்கெனவே பல வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது. நிறுவனம் தன் கணக்கைத் தானே சோதிப்பதற்கு ‘உள்ளகக் கணக்காய்வு’, கூரையிட்ட விளையாட்டு மண்டபத்துக்கு ‘உள்ளக அரங்கு’ என்றெல்லாம் எழுதுகிறோம். அதனால் புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவரிடம் “உள்ளகப் பயிற்சிக்கு மாணவர்களை ஏற்பீர்களா” என்று கேட்டால், தம்முடைய ஊழியர்களுக்குக் கடைக்குள்ளே நடத்தும் பயிற்சியைத்தான் கேட்கிறார்கள் என்று அவர் நினைப்பதற்கு முழு நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் வழங்கும் ‘உள்ளிருப்புப் பயிற்சி’ என்பதிலும் இதே குறை இருக்கிறது. இரண்டும் ஏற்பாட்டுக்கான பெயர்கள்; ஆளுக்கான பெயரை அவற்றிலிருந்து எளிதாக ஆக்க முடியாது.

தேசிய கல்வியியற் கல்லூரிகளில் இன்னொரு சொல் கேட்கும்: ‘கட்டுறு பயில்வு’. ஆசிரிய மாணவர் தம் மூன்றாவது ஆண்டில் பாடசாலை ஒன்றோடு இணைக்கப்பட்டுக் கற்பிக்கும் காலத்தின் பெயர் அது. ஓரிடத்தோடு கட்டுண்டு பயிலுதல் என்று விரியும் அழகான ஆக்கம்தான். ஆனாலும் கல்லூரி வட்டத்துக்கு வெளியே அதை எவரும் அறியார் என்பதால், கடைக்காரருக்கும் சங்கச் செயலாளருக்கும் எழுதும் கடிதத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலிற் சொன்ன கடிதத்தில் இருந்த ‘பயிற்சியாளர்’ என்பதுதான் மிகுந்த குழப்பம் தருவது. ‘ஆளர்’ என்ற ஈறு, ஒன்றை உடையவரை, அதைக் கையாள்பவரைக் குறிப்பது. முகாமையாளர், பொருளாளர், எழுத்தாளர் ஆகியோரெல்லாம் தத்தம் செயலை ஆள்பவர்கள். கிரிக்கெட் அணியின் பயிற்சியாளர் என்று செய்தித்தாள் எழுதும்போது அவர் பயிற்சி தருபவர் என்று நாம் தயங்காமல் புரிந்துகொள்கிறோம். அதே சொல்லைப் பயிற்சி பெறுபவருக்கும் வைத்தால், தருபவரும் பெறுபவரும் ஒரே பெயரில் நிற்பார்கள். ஒரு வாக்கியத்தில் இருவரும் வர நேர்ந்தால், “பயிற்சியாளர் பயிற்சியாளரிடம் அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும்” என்று எழுத வேண்டியதாகிவிடும்.

நம்மிடம் இதற்கு நெடுங்காலமாக ஒரு சொல் இருக்கிறது. அதுவும் அரச நிறுவனம் ஒன்றின் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் தேசிய பயிலுநர் சபையாகத் தொடங்கி, 1990ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் ‘தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை’ ஆன நிறுவனத்தைத்தான் சொல்கிறேன். பொறியியல் மாணவர்களைத் தொழிற்சாலைகளுக்கும் நிறுவனங்களுக்கும் பயிற்சிக்கு அனுப்பும் பணியிலும் அதற்குப் பங்குண்டு. வேலையற்ற பட்டதாரிகளை அரச அலுவலகங்களில் சேர்த்தபோது ‘பட்டதாரிப் பயிலுநர்’ என்ற பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராயிற்று. புதுக்கடையில் உள்ள சட்டக்கல்லூரி மாணவர், மூத்த சட்டத்தரணி ஒருவரின்கீழ் கழிக்கும் ஆறு மாதத்தையும் பயிலுநர் காலம் என்று தயங்காமல் சொல்லலாம்.

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். ‘பயிலுனர்’ என்று றன்னகரம் (ன) இட்டு எழுதுவோர் மிகுதி. அலுவலகச் சுற்றறிக்கைகளிலும் அப்படியே காணலாம். வினையடியோடு சேர்ந்து செய்பவரைக் காட்டும் ஈறு ‘நர்’ என்பதே. புறநானூறு ‘பாடுநர்’ என்கிறது. இயக்குநர், ஓட்டுநர் என்பனவும் அதே அமைப்பு. எனவே ‘பயிலுநர்’ என்பதே சரியான வடிவம்.

பயில் என்ற வினையில் வெறும் கற்றலைவிட மேலான ஒன்று இருக்கிறது. “நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு” என்ற குறளில் பயில்தல் என்பது திரும்பத் திரும்ப ஒருவரோடு பழகுதலைக் குறிக்கிறது. அடுத்தடுத்து நிகழ்தல், நெருங்கியிருத்தல், பழகிக் கைவரப்பெறுதல் ஆகிய எல்லாம் அந்த ஒரு வினையடியில் அடங்கும். மாணவர் ஒருவர் அச்சகத்திலோ கணக்காய்வு நிறுவனத்திலோ முதியோர் இல்லத்திலோ சில மாதம் இருந்து பெறுவது இதைத்தான்: விரிவுரையில் ஒருமுறை கேட்டதை, வேலை தெரிந்தவர்களின் பக்கத்தில் இருந்து பலமுறை காண்பதும் செய்வதும். ‘உள்ளே இருப்பவர்’ என்ற இலத்தீன் பொருளைவிட நம்முடைய சொல் செயலுக்கு நெருக்கமானது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

பேச்சுத் தமிழில் இதே பொருளைப் ‘பழகுதல்’ சுமக்கிறது. நீச்சல் பழகுகிறான், கார் பழகுகிறாள் என்கிறோம். செட்டியார் தெருவில் நகை வேலைக்குப் போகும் இளைஞரைப் பற்றி வீட்டார் “வேலை பழகப் போறான்” என்றுதான் சொல்வார்கள். அந்தப் பட்டறையில் முதலில் அவர் கையில் நகை வராது. அரத்தூள் சிந்தாமல் தட்டைத் துடைத்து எடுப்பார், ஊதுகுழலின் சுடர் எந்த நிறத்தில் இருக்கும்போது இணைப்பு ஒட்டுகிறது என்று பெரியவரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். தமிழ்நாட்டில் தொழில் கற்பவரைத் ‘தொழிற்பழகுநர்’ என்பது இந்த வழக்கோடு ஒட்டியது. அவர் அந்தத் தொழிலிலேயே நிற்கப் போகிறவர். பல்கலைக்கழக மாணவரோ பயிற்சி முடிந்ததும் படிப்புக்குத் திரும்புகிறவர். வேறுபாட்டைக் காட்ட வேண்டிய இடத்தில் முன்னவரைத் தொழிற்பயிலுநர் என்றும் பின்னவரை மாணவப் பயிலுநர் என்றும் எழுதலாம். மற்ற இடங்களில் பயிலுநர் என்பதே போதும்.

இனி, பயிலுநரை ஏற்கும் கடைக்கும் அமைப்புக்கும் என்ன பெயர்? ஆங்கிலம் இங்கே விருந்தோம்புபவருக்குரிய சொல்லைப் பயன்படுத்துகிறது. தமிழில் அதை அப்படியே பெயர்த்தால் பொருள் கெடும். பழந்தமிழில் விருந்து என்பது புதுமையைக் குறித்தது என்பது உண்மை. வருகின்ற மாணவர் அந்த அலுவலகத்துக்குப் புதியவர் என்பதும் உண்மை. ஆயினும் விருந்தினரிடம் நாம் வேலை சொல்வதில்லை, அவருடைய பிழையைத் திருத்துவதும் இல்லை. ‘பயிற்சி வழங்கும் நிறுவனம்’ என்பதே தெளிவானது. வழங்குவது நிறுவனத்தின் கடமை என்பதையும் அது நினைவூட்டுகிறது. மாதந்தோறும் கொடுக்கும் பணத்தைச் சம்பளம் என்னாமல் ‘கொடுப்பனவு’ என்பது நம் வழக்கம். அதை மாற்ற வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பவர் ‘பயிற்றுநர்’. பயில், பயிற்று என்ற இரண்டு வினைகளும் தன்வினையும் பிறவினையுமாக ஒரே வேரில் நிற்பதால், பயிலுநர் என்று எழுதிய உடனே பயிற்றுநர் யார் என்ற கேள்வி தானாக எழுகிறது. தேநீர் வாங்கவும் நிழற்பிரதி எடுக்கவும் மட்டும் பயன்படுத்தப்பட்டுத் திரும்பிய மாணவர்கள் பலரை நான் அறிவேன். அவர்களிடம் “உங்களுக்குப் பயிற்றுநராக இருந்தவர் யார்” என்று கேட்டால், பதில் சொல்ல ஒரு பெயர் இருப்பதில்லை.

அந்த மாணவி எங்களிடம் வந்து சேர்ந்த பின்னர் எங்கள் விண்ணப்பப் படிவத்தைத் திருத்தினோம். ‘பயிற்சியாளரின் பெயர்’ என்று இருந்த இடத்தில் இப்போது இரண்டு வரிகள் உள்ளன: ‘பயிலுநரின் பெயர்’, ‘பயிற்றுநரின் பெயர்’. முதல் வரியை மாணவர் நிரப்பித் தருவார். இரண்டாவது வரியில் எங்களில் ஒருவர் தம் பெயரை எழுதும்வரை, தொடங்கும் திகதியை நாங்கள் குறிப்பதில்லை.