இடுப்புப் பிடிப்பும் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டும்

தண்ணீர் கேனைத் தூக்கக் குனிந்தவர் நிமிர முடியாமல் நிற்பார். மறுநாளே எம்.ஆர்.ஐ., அடுத்த நாள் ரிப்போர்ட். அதில் 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்', 'டீஜெனரேஷன்' என்று நாலு வரி இருக்கும். அதாவது, இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, தேய்ந்திருக்கிறது என்று. அதைப் படித்த பிறகு அவருக்கு வலியைவிட பயம்தான் பெரிதாகிவிடுகிறது. குனியப் பயம், மாடிப்படி ஏறப் பயம், வேலைக்குப் போகப் பயம். பல பேருக்கு இடுப்பு வலி நாள்பட்டுப் போவதற்கு இந்தப் பயமும் ஒரு முக்கியக் காரணம்.

இடுப்பு வலியே இல்லாத 3,110 பேருடைய ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளிவந்தது. வலியில்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 50 வயதில் அது 80 சதவீதம். பல்ஜ் 20 வயதில் 30 சதவீதம், 50 வயதில் 60 சதவீதம். ஆக, தலை நரைப்பதுபோலத்தான் இதுவும். ரிப்போர்ட்டில் இருப்பது பொய்யில்லை. ஆனால் உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. டிஸ்க் மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு இறுக ஒட்டியிருக்கிறது. 'விலகின' டிஸ்க்கைத் தட்டி, மிதித்து, உருவி உள்ளே தள்ளுகிறேன் என்று யாராவது சொன்னால் முதுகைக் கொடுக்காதீர்கள்.

திடீரென்று வரும் பிடிப்பில் பெரும்பாலானவை நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும். அதுவரை என்ன செய்வது என்பதில்தான் தப்பு நடக்கிறது. 'பத்து நாள் அசையாமப் படுங்க' என்பது அதில் முதல் தப்பு. ஹெல்சின்கி மாநகராட்சி ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வில், இரண்டு நாள் படுக்கையில் இருந்தவர்களையும் முதுகுப் பயிற்சி செய்தவர்களையும்விட, வலி தாங்குகிற அளவுக்கு வழக்கமான வேலையைப் பார்த்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். இந்த முடிவு வந்தது 1995-ல். நம் ஊரில் இன்னும் படுக்கத்தான் சொல்கிறோம்.

முதல் இரண்டு நாள், படுக்கும் நேரத்தில் மல்லாந்து படுத்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்தால் இடுப்பு இளகும். ஒருக்களித்தால் தொடைகளுக்கு நடுவே ஒரு தலையணை. எழும்போது நேராக நிமிர்ந்து எழக் கூடாது. ஒரு பக்கம் புரண்டு, கால் இரண்டையும் கட்டிலுக்குக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். பாயில் படுப்பவர்கள் புரண்டு, கையும் முட்டியும் ஊன்றி, ஒரு பாதத்தை முன்னே வைத்து, நாற்காலியைப் பிடித்து எழலாம். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு தடவை ஐந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடங்கள். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். சர்க்கரை நோயால் மரத்துப்போன இடத்தில் மட்டும் வேண்டாம், சுட்டாலும் தெரியாது.

மாத்திரை விஷயத்தில், பாராசிட்டமால் இந்த வலிக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிடக் கூடுதலாக உதவவில்லை என்று ஆஸ்திரேலியாவில் 1,652 பேரிடம் நடந்த ஆய்வு 2014-ல் காட்டியது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை ஓரளவு உதவும். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிற பொருள் இல்லை அது. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதய நோய், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

இடுப்பில் கட்டும் பெல்ட்டையும், எடை கட்டி முதுகை இழுக்கும் டிராக்‌ஷனையும் நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை. கட்டாந்தரையில் படுத்தால் சரியாகும் என்பதற்கும் ஆதாரம் குறைவு. ஸ்பெயினில் நாள்பட்ட வலிக்காரர்கள் 313 பேரிடம் ஒப்பிட்டதில், கல்போன்ற மெத்தையைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தைதான் வலியைக் குறைத்தது.

வலி பிட்டத்தைத் தாண்டி முழங்காலுக்குக் கீழே மின்சாரம்போல இறங்கினால் நரம்பு அழுத்தப்பட்டிருக்கலாம். வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். சுவரைத் தொட்டுக்கொண்டு பத்து அடி குதிகாலில் நடங்கள், பிறகு நுனிக்காலில். குதிகாலில் நிற்கும்போது ஒரு பாதம் தொங்கினால் முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து காலுக்கு இறங்கும் எல்5 நரம்பு, நுனிக்காலில் எம்ப முடியாவிட்டால் அதற்கு அடுத்த எஸ்1 நரம்பு சந்தேகம். பலவீனம் இல்லாமல் வலி மட்டும் என்றால் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் ஆபரேஷன் இல்லாமலேயே அடங்கும். பிதுங்கிய பகுதியை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்வதும் உண்டு. பாதம் தொங்கினாலோ நாளுக்கு நாள் பலம் குறைந்தாலோ காத்திருக்க வேண்டாம், அப்போதுதான் எம்.ஆர்.ஐ. உண்மையில் பயன்படும்.

சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் முட்டியும் வராமல் இருப்பது, மலம் தெரியாமல் போவது, இரண்டு காலும் தளர்வது: இவற்றில் ஒன்று வந்தாலும் இரவானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். நரம்புக்கற்றை நசுங்கியிருந்தால், ஆபரேஷன் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் சிறுநீர்க் கட்டுப்பாட்டைப் பறிக்கக்கூடும். சாயங்காலக் காய்ச்சலும் எடை குறைவும் இருந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும், நுரையீரலில் டி.பி. இல்லாமலும் அது வரும். முன்பு புற்றுநோய் இருந்தவர்கள், நாள்பட ஸ்டீராய்டு எடுப்பவர்கள், வழுக்கி விழுந்த முதியவர்கள் ஆகியோரின் புதிய முதுகு வலியைச் சாதாரணமாக விடக் கூடாது.

இளைஞர்களிடம் தவறவிடப்படுவது ஒன்று உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் வலி, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கம், பின்னிரவில் வலியால் விழிப்பு, ஓய்வெடுத்தால் கூடி, நடமாடினால் குறைவது. இது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற அழற்சி நோயாக இருக்கலாம். பார்க்க வேண்டியது மூட்டுவாத நிபுணரை. பல வருடம் 'டிஸ்க்' என்றே வைத்தியம் பார்த்துவிட்டு வருவது பரிதாபம்.

வலி தணிந்ததும் பெரும்பாலானவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள், சில மாதத்தில் திரும்ப வரும். முதுகுக்குத் தினம் மூன்று பயிற்சி போதும். மல்லாந்து ஒரு காலை மடக்கி, இடுப்பின் வளைவுக்கடியில் இரு கையையும் வைத்து, தலையும் தோளும் மட்டும் சற்றே தரையை விட்டு எழும்படி தூக்குவது ஒன்று. ஒருக்களித்து முழங்கையும் முட்டியும் ஊன்றி இடுப்பை உயர்த்துவது இரண்டாவது. கையும் முட்டியும் ஊன்றி நின்று, வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டிப் பிறகு மாற்றுவது மூன்றாவது. ஒவ்வொன்றையும் எட்டு முதல் பத்து விநாடி பிடித்து, முதல் சுற்றில் 6 தடவை, அடுத்த சுற்றில் 4, கடைசிச் சுற்றில் 2. மூச்சை அடக்கக் கூடாது. மூன்றாவதில் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் காலை அவ்வளவு உயரம் தூக்க வேண்டாம்.

இவற்றை விழித்தவுடன் செய்யாதீர்கள். இரவெல்லாம் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் நாம் 1 முதல் 2 சென்டிமீட்டர் உயரமாக இருப்பது அதனால்தான். அந்த நேரத்தில் குனிந்தால் டிஸ்க்கின் மீது இழுவிசை அதிகம். எழுந்ததும் கட்டைத் துடைப்பத்தால் குனிந்து வாசல் பெருக்கிக் கோலம் போடுகிற பெண்களுக்குக் காலை வலி ஏன் கூடுகிறது என்பதற்கு இது ஒரு காரணம். வலியுள்ள நாட்களிலாவது முதல் ஒரு மணி நேரம் குனிகிற வேலையைத் தள்ளிவையுங்கள், நீளக் கைப்பிடி வைத்த துடைப்பம் வாங்குங்கள்.

20 லிட்டர் கேனில் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. அதை உடம்போடு ஒட்டிப் பிடித்து, முட்டியையும் இடுப்பையும் மடக்கித் தூக்க வேண்டும். தூக்கிய நிலையில் இடுப்பை முறுக்காமல் பாதத்தைத் திருப்புங்கள். முடிந்தால் கேனைக் கவிழ்க்காமல் கைப் பம்பு மாட்டிக்கொள்வது மேல்.

நடையை விட வேண்டாம். 2024-ல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், வாரத்தில் ஐந்து நாள் 30 நிமிட நடையை இலக்காக வைத்துப் படிப்படியாகக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப வர சராசரியாக 208 நாள் ஆயிற்று. இந்த நடைத் திட்டம் கொடுக்கப்படாதவர்களுக்கு 112 நாள். பத்து நிமிடத்தில் ஆரம்பித்து வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டினால் போதும். மறுநாள் காலை வலி முன்பைவிடக் கூடியிருந்தால், நிறுத்தாமல் போன வாரத்து அளவுக்கு இறங்கி நடங்கள்.